கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) முடிந்து 12 நாள் ஆகிறது, அப்பா தண்ணீர்கூட விழுங்க மாட்டேன் என்கிறார்

கரூர்மகள்:

எல்லோருக்கும் வணக்கம். பல மாதங்களாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்கு வேறு வழி தெரியாமல் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வயது 61. வலது கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய். தறிப்பட்டறையில் முப்பது வருட வேலை. வெற்றிலையும் புகையிலையும் இல்லாத வாயோடு அவரை நான் பார்த்ததே இல்லை. முதலில் ஆபரேஷன். கன்னச் சதையை எடுத்துவிட்டு, மார்பிலிருந்து சதை எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். கழுத்தில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். அப்புறம் ஆறு வாரத்தில் 30 கரண்ட், கூடவே வாரம் ஒரு கீமோ.

கடைசி கரண்ட் அன்று அம்மா கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் போன் செய்து "அப்பாடா, முடிஞ்சுது" என்றார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் நிலைமை மோசமாகிறது. வாய் முழுக்கப் புண். எச்சில் பசை மாதிரி நூல் நூலாக வருகிறது, அதைத் துப்ப முடியாமல் குமட்டுகிறது. கழுத்துத் தோல் கறுத்து உரிகிறது. 64 கிலோ இருந்தவர் இப்போது 53. மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான் எல்லாமே போகிறது. வாயால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட எடுப்பதில்லை. கெஞ்சினால் நோட்டில் எழுதிக் காட்டுகிறார்: "குழாய் இருக்கு, விடு".

வாயும் ஒன்றரை விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் "வாய்ப் பயிற்சி" என்று ஒரு வரி இருக்கிறது. என்ன பயிற்சி, எத்தனை தடவை என்று யாரும் சொல்லித்தரவில்லை.

யாராவது இதைத் தாண்டி வந்திருக்கிறீர்களா? எப்போது சரியானது? இது சரியாகுமா என்று முதலில் சொல்லுங்கள்.

நான்காம்ஆண்டு:

சரியாகும் அம்மா. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு நாக்கின் அடிப்பகுதியில் வந்தது. ஆபரேஷன் இல்லை, 35 கரண்ட், கீமோ. ஏழு வாரம், சனி ஞாயிறு மட்டும் விடுமுறை. சுடுதண்ணீரில் போட்டு இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி அச்சு எடுப்பார்களே, அந்த மாஸ்க்கை மேசையோடு சேர்த்துப் பூட்டும் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் அப்பாவும் 30 நாள் அந்த மேசையில் அசையாமல் படுத்தவர். அதை மறந்துவிடாதீர்கள்.

தோசைக்கல்லை இறக்கி வைத்த பிறகும் அதில் ஒரு தோசை வெந்துவிடும் இல்லையா, கரண்ட் அப்படித்தான். மெஷின் நின்ற பிறகும் புண்ணும் எரிச்சலும் ஏறும். கடைசி நாளுக்குப் பின் வரும் ஒன்றிரண்டு வாரம்தான் உச்சம். உங்கள் அப்பா இப்போது அந்த உச்சியில் நிற்கிறார். நோய் திரும்பவில்லை, நீங்களும் எதையும் தவறாகச் செய்யவில்லை. எனக்கு கரண்ட் முடிந்து ஐந்தாவது வாரத்தில்தான் புண் ஆற ஆரம்பித்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். குழாய் இருந்தாலும் அவர் தினமும் விழுங்க வேண்டும். விழுங்குவதற்கென்று தொண்டையில் இருக்கும் தசைகள் சும்மா கிடந்தால் இறுகிப்போகும். எனக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் வலிக்குப் பயந்து மூன்று மாதம் குழாயிலேயே இருந்துவிட்டார். புண் ஆறியது, விழுங்க வரவில்லை. அப்புறம் அவர் பட்டபாட்டைப் பார்த்தேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம். ஒரு டீஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர், அவ்வளவுதான். நிமிர்ந்து உட்கார்ந்து, மோவாயைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, பலம் கொடுத்து ஒரு முழுங்கு. நான் வேளைக்கு ஐந்து ஸ்பூனில் ஆரம்பித்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் இருமல் வந்தாலோ, குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். தண்ணீர் நுரையீரல் பக்கம் போகிறது என்று அர்த்தம். விழுங்கும் பயிற்சி சொல்லித்தரும் பேச்சுப் பயிற்சியாளர் பெரிய மருத்துவமனைகளில் இருப்பார். நீங்களாகப் போய்க் கேட்டால்தான் கிடைக்கும், கேளுங்கள்.

ஷிப்ட்நர்ஸ்:

புற்றுநோய் வார்டில் 11 வருடமாக இருக்கிறேன். கரூர்மகள், முதலில் ஒரு கேள்வி. அப்பாவுக்கு வலி மருந்து எப்போது கொடுக்கிறீர்கள்?

கரூர்மகள்:

வலி தாங்கவில்லை என்று அவர் கேட்கும்போது கொடுக்கிறோம் அக்கா. மார்பின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். பழக்கமாகிவிடும் என்று அம்மாவுக்குப் பயம், பாதியாக உடைத்துத் தருகிறார்.

ஷிப்ட்நர்ஸ்:

இதைத்தான் நினைத்தேன். அம்மாவிடம் போனைக் கொடுத்து இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

அம்மா, புற்றுநோய் வலிக்கு டாக்டர் எழுதின அளவில் மார்பின் கொடுத்தால் அப்பா அதற்கு அடிமையாகிவிட மாட்டார். புண் ஆற ஆற டாக்டரே படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். நீங்களாக உடைத்துக் கொடுத்தால் வலியும் அடங்காது, அவர் விழுங்கவும் மாட்டார். மணி பார்த்துக் கொடுங்கள், வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். விழுங்கும் பயிற்சியை வலி மருந்து கொடுத்து அரைமணி, முக்கால்மணி கழித்து வையுங்கள். வாய் மரத்துப்போவதற்கு ஒரு ஜெல் உண்டு, அதையும் கேட்கலாம். ஆனால் தொண்டை மரத்திருக்கும்போது தண்ணீர் புரையேறும், அதனால் எப்போது தடவுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாய் கொப்பளிக்க, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி அளவு உப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. அந்தப் பசை எச்சிலை இளக்க இதைவிட நல்லது இல்லை. கடையில் விற்கும், காரமாக எரியும் மவுத்வாஷ் எதுவும் வேண்டாம். நாக்கிலும் கன்னத்திலும் தயிர் ஒட்டின மாதிரி வெள்ளைப் படலம் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்று. மருந்து கொடுத்தால் சில நாளில் அடங்கிவிடும், சாப்பிட முடியாததற்குப் பாதிக் காரணம் பல பேருக்கு அதுதான்.

குழாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொடுப்பதற்கு முன் மூக்கருகே குழாயில் போட்ட குறி அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றாதீர்கள். படுத்துக்கொண்டு கொடுக்கவே கூடாது, முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்திருக்கட்டும். ஒரு தடவைக்கு 200 மில்லி போதும், இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை. கடைசியில் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ மறக்காதீர்கள், சத்துமாவுக் கஞ்சி உள்ளே உறைந்தால் அடைத்துக்கொள்ளும். கஞ்சியை வடிகட்டித்தானே ஊற்றுகிறீர்கள்?

காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் காலை வரை காத்திருக்காமல் அன்றிரவே கூட்டிப்போங்கள். கீமோ முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கலாம்.

மூலிகைநண்பன்:

சகோதரி, மனம் தளராதீர்கள். என் பெரியம்மாவுக்கு மார்பகத்தில் வந்தபோது நிறையத் தேடிப் படித்தேன். சர்க்கரைதான் புற்றுநோய்க்குத் தீனி. பாலையும் சர்க்கரையையும் முழுதாக நிறுத்துங்கள். கோதுமைப்புல் சாறு காலை மாலை கொடுங்கள். சித்த மருந்தும் தொடங்கினால் உடல் சுத்தமாகும்.

நான்காம்ஆண்டு:

தம்பி, நல்ல மனதோடு சொல்கிறீர்கள், அதில் சந்தேகமில்லை. எனக்கும் இதே யோசனையை நாலு பேர் சொன்னார்கள். நானும் 15 நாள் பாலை நிறுத்திப் பார்த்தேன். 4 கிலோ இறங்கியது. மாஸ்க் தொளதொளத்துப்போய் மறுபடி அச்சு எடுக்க வேண்டி வந்தது. உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லுக்கும் சர்க்கரைதான் எரிபொருள், நாம் சாப்பிடாவிட்டாலும் உடம்பு தானே தசையைக் கரைத்து அதைச் செய்துகொள்ளும். 11 கிலோ இறங்கிய மனிதருக்குப் பால், முட்டை, நெய், வாழைப்பழம் எல்லாம் மருந்துக்குச் சமம். சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் டாக்டர் சொல்கிறபடி.

ஷிப்ட்நர்ஸ்:

கொதிக்க வைக்காத பச்சைச் சாறு இப்போது வேண்டவே வேண்டாம், தொற்று வரும். சித்த மருந்து எதுவானாலும் கீமோ கொடுத்த டாக்டரிடம் பெயரைச் சொல்லிக் கேட்ட பிறகுதான். அப்பாவுக்குப் போன கீமோ சிஸ்பிளாட்டினாக இருந்தால் அது சிறுநீரகத்தைச் சோதிக்கிற மருந்து. அதன் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றக் கூடாது.

மூலிகைநண்பன்:

எடை குறைவதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. பெரியம்மாவுக்கு அப்போது சாப்பிடுவதில் சிக்கல் எதுவும் இருக்கவில்லை, அதனால் தெரியவில்லை. மன்னிக்கவும் சகோதரி.

கரூர்மகள்:

பரவாயில்லை அண்ணா, அக்கறையில்தானே சொன்னீர்கள்.

அக்கா, மாத்திரையை உடைப்பதை அம்மா நிறுத்திவிட்டார். நேற்று வாயைப் பார்த்தோம், நீங்கள் சொன்ன வெள்ளைப் படலம் இருந்தது. மருந்து வாங்கியாயிற்று.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "புகையிலை போட்டா இப்படித்தான் ஆகும்" என்று அவர் காதுபடவே சொல்கிறார்கள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அவர் சாப்பிட மறுப்பது வலியால் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நான்காம்ஆண்டு:

அப்படிப் பேசுகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நான் புகையிலையைத் தொட்டதில்லை, குடித்ததில்லை, எனக்கும் வந்ததே. புகையிலையால் வருவது உண்மைதான், அப்பாவுக்கு அது தெரியாதா? தறிச் சத்தத்துக்கு நடுவே பன்னிரண்டு மணி நேரம் நின்றவருக்கு அது ஒரு துணையாக இருந்தது. இனித் தொடாமல் இருப்பது பெரிய விஷயம், ஏனென்றால் தொடர்ந்தால் சிகிச்சையின் பலன் குறையும், வாயில் வேறு இடத்திலும் வரலாம். அவர் விட்டுவிட்டாரா? விட்டிருந்தால் அதை அவரிடம் சொல்லிப் பாராட்டுங்கள். முப்பது வருடப் பழக்கத்தை விட்ட மனிதரிடம் யாருமே அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தெல்லிப்பழை:

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம். என்ரை அவருக்கும் கன்னத்தில்தான் வந்தது. முந்தி எங்கடை ஆட்கள் இதுக்கெல்லாம் கொழும்புப் பக்கம் இருக்கிற மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேணும். 2011இல் இலங்கையின்ரை தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கில் இருக்கிற பருத்தித்துறை மட்டும் சனம் நடந்து நிதி சேர்த்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழும்பினது. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரம் என்பது இந்த வருத்தத்தில் எவ்வளவு பெரிய நிம்மதி என்று அனுபவித்தவைக்குத்தான் விளங்கும்.

வாய் திறக்கிறதுக்கு எங்களுக்குச் சொல்லித்தந்தது ஐஸ்கிறீம் குச்சி. தட்டையான மரக்குச்சிகளைக் கழுவி அடுக்கி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் வைக்க வேணும். எத்தனை போகுதோ அத்தனையோடை கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு நடுவில் இன்னொரு குச்சியை மெல்ல நுழைக்க வேணும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம். ஒரு குச்சி ஏறக்குறைய 2 மில்லிமீற்றர். 17, 18 குச்சி போனால் சோறு, கறி எல்லாம் பிரச்சினை இல்லாமல் சாப்பிடலாம். தையல் ஆறினதோ என்று டொக்டரிட்டைக் கேட்டுப்போட்டுத் தொடங்குங்கோ. நான் கலண்டரில் ஒவ்வொரு நாளும் இலக்கம் எழுதினனான். அதைப் பார்த்துத்தான் அவருக்கு நம்பிக்கை வந்தது.

சாப்பாட்டுக்கு நான் சொல்லுறது சொதி. உறைப்பு, புளி இல்லாமல் தேங்காய்ப்பாலில் மஞ்சள் மட்டும் போட்டு, நன்றாகக் குழைந்த சோற்றில் விட்டு மசித்துக் குடுங்கோ. எச்சில் ஊறாத வாய்க்கு வழுக்கிக்கொண்டு போற சாப்பாடுதான் வேணும்.

கரூர்மகள்:

அக்கா, டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குச்சி தொடங்கிவிட்டோம். 9 போகிறது. நோட்டில் எண்ணை எழுதும் வேலையை அப்பாவே எடுத்துக்கொண்டார். தறியில் எத்தனை மீட்டர் ஓடியது என்று தினமும் எழுதிய கை.

இன்றைக்கு ஏழு ஸ்பூன் தண்ணீர்.

காரைக்குடிவாசகன்:

சிகிச்சைக்கு சென்னை போய்வருகிறீர்களா? ரயில் சலுகைப் படிவத்தை மருத்துவமனையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புற்றுநோய் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே கிடையாது, கூட வருபவருக்கு அதில் 75 சதவீதம் தள்ளுபடி. செக்கப்புக்குப் போவதற்கும் உண்டு. கவுண்டரில் எடுக்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையில் வைத்திருங்கள், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை.

கரூர்மகள்:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். புண் ஆறிவிட்டது. குழாயை எடுத்து ஒன்பது நாள் ஆகிறது. எடை 55. குச்சி 13.

ஆனால் எதிலும் ருசி இல்லை என்கிறார். ரசத்தில் மிளகு இல்லாமல் வைத்தாலும் எரிகிறதாம். காபி மண் கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கிறதாம். ஒரு கிண்ணம் சாதம் முடிக்க ஒரு மணி நேரம். பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது, உதட்டோரம் வழிவதைப் பார்த்துவிடுவார்கள் என்று அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறார். போன வாரம் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை.

நான்காம்ஆண்டு:

ருசி மாதக்கணக்கில்தான் வரும். எனக்கு முதலில் புளிப்பு வந்தது, அப்புறம் உப்பு. இனிப்பு வர எட்டு மாதம். எச்சில் இரண்டு வருடம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டு வந்தது, முழுசாக வரவில்லை. இன்றைக்கும் சட்டைப் பையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டேன். ருசிக்காகக் காத்திருக்காமல், மாத்திரை மாதிரி மணிக்கணக்கு வைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கு நானும் ஒரு வருடம் போகவில்லை. பந்தியில் பக்கத்து இலை எடுத்த பிறகும் நான் ரசத்தில் இருப்பேன். பரிமாறுகிறவர் மூன்று தடவை வந்து எட்டிப் பார்ப்பார். கடைசியில் என் மனைவிதான் வழி கண்டுபிடித்தார்: வீட்டிலேயே பாதி சாப்பிட்டுவிட்டுப் போவது, அங்கே பாயசம் மட்டும் குடிப்பது. அப்பாவை அடுப்படியிலிருந்து உடனே கூடத்துக்கு இழுக்க வேண்டாம். நீங்களும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், அவர் மாதிரியே சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம், பின்னால் யாரும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள் என்பதால் எழுதுகிறேன். கரண்ட் பட்ட தாடை எலும்பு லேசில் ஆறாது. பல் ஆடினாலும் வலித்தாலும், எத்தனை வருடம் ஆனாலும், பக்கத்துப் பல் டாக்டரிடம் போய்ப் பிடுங்கிவிடக் கூடாது. கரண்ட் வைத்த டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்.

அடுத்தது தைராய்டு. எனக்குப் பதினான்காவது மாதத்தில் ஒரே அசதி. எழுந்தால் உட்காரத் தோன்றும், உட்கார்ந்தால் படுக்கத் தோன்றும். மதுரையில் சித்திரை வெயிலில் போர்வை போர்த்திக்கொண்டு கிடந்தேன். முகம் உப்பியது, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. நோய் திரும்பிவிட்டது என்று நானே முடிவு கட்டி, மனைவியிடம்கூடச் சொல்லாமல் பாங்க் பாஸ்புக், பத்திரம் எல்லாவற்றையும் ஒரு கவரில் எடுத்து வைத்தேன். செக்கப்பில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்தார்கள். கழுத்தில் கரண்ட் வைத்ததில் தைராய்டு சுரப்பி சோர்ந்துபோயிருந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் பழைய ஆளாகிவிட்டேன். ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு ஒரு தடவை அந்த ரத்தப் பரிசோதனையை நீங்களே ஞாபகப்படுத்திக் கேளுங்கள்.

ஷிப்ட்நர்ஸ்:

வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடிகிறதா? கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு சில பேருக்குத் தோள் இறங்கிவிடும். சுவரில் விரல்களை நடக்கவிட்டு ஏற்றச் சொல்லுங்கள். காலையில் மோவாய்க்குக் கீழே வீங்கியிருந்தால் பயப்பட வேண்டாம், நெறிக்கட்டி எடுத்ததால் நீர் தங்குகிறது. செக்கப்பில் காட்டுங்கள், எப்படித் தடவிவிடுவது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார். புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலோ, ஆறாத புண் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றாலோ அடுத்த செக்கப் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது.

கரூர்மகள்:

அடுப்படியில் இப்போது மூன்று தட்டு. அம்மாவும் வந்துவிட்டார்.

தெல்லிப்பழை:

இதை வாசித்துப்போட்டு அவருக்கும் காட்டினேன். குச்சி எத்தனை என்று கேட்கச் சொன்னார்.

கரூர்மகள்:

ஐந்து மாதம் ஆகிறது. மன்னிக்கவும், செக்கப் முடியும்வரை எழுதத் தைரியம் வரவில்லை. அதற்கு முந்தைய வாரம் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. வாய், கழுத்து எல்லாம் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, இரண்டு மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். தைராய்டையும் கேட்டு எழுதி வாங்கினேன், நார்மல்.

திரும்பி வரும்போது ரயிலில் அப்பா காபி வாங்கச் சொன்னார். ஆற வைத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு "சர்க்கரை கம்மி" என்றார். நானும் அம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். எழுந்து போய் இன்னொரு சர்க்கரைப் பொட்டலம் வாங்கிவந்தேன்.

எடை 58. அக்கா, உங்கள் வீட்டு அண்ணனிடம் சொல்லுங்கள்: நேற்று 16.